ஜூன் ஒன்றில் பிறந்த அணி

எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியர் ஒருவர்தான், சாலமோன் சார். சாரணர் படை, செஞ்சிலுவைச் சங்கம், ஆண்டு விழா நாடகம், சுதந்திர தினத்துக்குக் கொடிக்கயிறு முடிவது வரை எல்லாம் அவர் தலையில். மைதானம் என்று ஒன்று உண்டு. அறுவடைக் காலத்தில் அதில் நெல் அடிப்பார்கள், மற்ற நாளில் மாடு கட்டுவார்கள். அவிழ்த்துவிட்டால் மாட்டுக்காரர் தலைமையாசிரியரிடம் போய் நிற்பார். சரி, கடைசிப் பீரியடாவது விளையாட்டுக்குக் கிடைக்குமா என்றால், அதையும் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார்.

அந்தக் கணக்கு வாத்தியார் நான்தான். எங்கள் ஊர் மண்ணூரில் முதல் பட்டதாரி. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. எங்கள் பையன்களும் நூற்றுக்கு நூறு வாங்கட்டும் என்றுதான் பிடுங்கினேன். சாருக்கு அது ஆறவே இல்லை. எதிரில் வந்தால் "வாய்யா பட்டதாரி" என்பார்.

பதினோரு வருடமாக எங்கள் கபடி அணி முதல் சுற்றைத் தாண்டியதில்லை. எழுபத்து மூன்றில்தான் அணித் தலைவனாகப் பென்னலூர் ஆபிரகாம் வாய்த்தான். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவான். "இந்த வருஷம் கோப்பை இல்லாம நான் ஊருக்குள்ள வரமாட்டேன்" என்று சார் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

வயது வரம்புள்ள மண்டலப் போட்டிக்குப் பெயர் அனுப்பிய ஐந்தாம் நாள் மண்டலச் செயலாளரிடமிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டு பேரும் ஜூன் முதல் தேதியிலேயே பிறந்திருப்பது எப்படி? நான்கு நாளில் தகுந்த ஆதாரம் வராவிட்டால் அணி சேர்த்துக்கொள்ளப்படாது.

எப்படி என்றால், எங்கள் பக்கம் பிறந்த தேதியை யார் எழுதிவைத்தார்கள்? ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது, கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் வயது ஐந்து. பள்ளி திறப்பது ஜூனில். தேதி ஒன்று. என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் ஜூன் ஒன்றுதான்.

"சேர்க்கைப் பதிவேட்டு நகலையே மறுபடியும் அனுப்பிவிடுங்கள்" என்றார் தலைமையாசிரியர்.

"அதைத்தானே சார் அந்த ஆளு நம்பமாட்டேங்கறான்!" என்று சார் சைக்கிளை எடுத்தார். துணைக்கு என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

முதல் வீடு சின்னப்பையன் என்ற ஆட்டக்காரனுடையது. அவன் அம்மா கிளியம்மாள் முறத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"உன் புள்ள எப்பம்மா பொறந்தான்?"

"கேவுரு அறுத்துகினு இருந்தோம் சார். நல்ல வெயிலு."

"எந்த வருஷம்?"

"அதான் எங்க மாமியா செத்துச்சே, அந்த வருசம்."

"உங்க மாமியா எந்த வருஷம் செத்தாங்க?"

"இன்னா சார் நீ, செத்தவங்களையும் டீமுல சேக்கப் போறியா?"

அடுத்த பத்து வீடுகளிலும் இதே கதை. புயல் வருடம், கிணறு வெட்டிய வருடம், கன்று போட்ட வருடம். இரண்டாம் நாள் பென்னலூரில் ஆபிரகாமின் அம்மா செல்வமேரி மட்டும் பளிச்சென்று பதில் சொன்னாள்: "கோயில்ல ஞானஸ்நானப் புக்குல எழுதிக்கீது சார். சாமியாரக் கேளுங்க, எடுத்துக் குடுப்பாரு."

அடுத்த நாள் மத்தியானம் சார் வியர்வையோடு ஆசிரியர் அறைக்குள் வந்து ஒரு சீட்டை என் மேசையில் அடித்தார். "இந்தா பட்டதாரி! ஒருத்தனுக்காவது ஒழுங்கான தேதி கெடச்சிது."

சாமியார் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. பிறந்தது 12-4-1959. நான் கழித்துப் பார்த்தேன். ஆகஸ்ட் முதல் தேதியில் பதினான்கு நிறைந்திருக்கக் கூடாது என்பது விதி.

"சார், ஆபிரகாமுக்குப் பதினாலு முடிஞ்சி மூணு மாசம் ஆகுது."

"சரியா கழிச்சியா?"

"மூணு தடவ கழிச்சிட்டேன்."

சார் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "இந்தச் சீட்டு வந்தது நம்ம ரெண்டு பேருக்குத்தான் சார் தெரியும்" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சிபோச்சே! உன்ன யாருய்யா கழிக்கச் சொன்னது? என் பீரியடுல நடத்தின கணக்கு பூராவும் என் தலையிலயே வந்து விடியுது!"

கத்திக்கொண்டே பட்டியலை இழுத்து ஆபிரகாமின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். மற்ற பதினோரு பேருக்கும் எங்களால் ஆதாரம் தர முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடி என்னை எழுதச் சொல்லி, சீட்டையும் சேர்த்து அனுப்பினார்.

மறுநாள் காலை செல்வமேரி பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தாள்.

"நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். தெரியாதுன்னவங்க புள்ளைங்க பேரெல்லாம் அப்பிடியே கீது. எம்புள்ள வூட்டுல குந்திகினு அழுவுறான். தெரிஞ்சி வெச்சிகினது என் தப்பா சார்?"

நாலு தெரு கேட்கக் கத்துகிற சார் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பதில் வந்தது. அணித் தலைவனையே நீக்கியவரின் வார்த்தையை நம்பி, மற்ற பதினோரு பேரையும் ஆட அனுமதிப்பதாகச் செயலாளர் எழுதியிருந்தார்.

செங்கல்பட்டில் முதல் ஆட்டம். பாடிப் போனவனெல்லாம் பிடிபட்டான். முப்பத்து நாலுக்குப் பதினொன்று. சாயங்காலம் நான்கு மணிக்கே மூட்டை கட்டிவிட்டோம்.

கிளம்பும்போது செயலாளர் ஓடிவந்து சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள மாதிரி ஆசிரியர்தான் சார் வேணும்."

"எனக்கு அந்தப் பையன்தான் சார் வேணும். கைய விடுங்க, பஸ் போயிடும்."