புதுத் தியேட்டர் ஸ்டாப்

"பக்கத்துல ஏதாவது அடையாளம் சொல்லுங்கம்மா" என்று போனில் அந்தப் பெண் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அக்கா சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி நறுக்கிய கொத்தவரங்காய். ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. காலை பதினோரு மணி, வெளியே மேகமூட்டம், தலைக்கு மேலே மின்விசிறி. வேர்க்க ஒரு காரணமும் இல்லை. இடது தோளில் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்ன மறுநிமிடம் நான் ஆஸ்பத்திரி ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டேன். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா வலியை மறைக்கவில்லை. வலித்ததும் சொன்னாள்.

"புதுத் தியேட்டர் ஸ்டாப். எதிர்ச் சந்து, மூணாவது வீடு, மாடி" என்றேன்.

"வாட்ஸ்அப்ல லொகேஷன் அனுப்ப முடியுமாம்மா?"

"அதெல்லாம் எதுக்கும்மா? புதுத் தியேட்டர்னு கேட்டா சின்னப்புள்ளகூடக் கை காட்டும். வெரசா வரச் சொல்லுங்க."

அவரை நடக்க விடாதீர்கள், படியிறக்காதீர்கள், ஸ்ட்ரெச்சரோடு ஆள் வரும் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. விலாசம் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்தவள் நான். கதவு எண் இல்லாமல், தெருப் பெயர் இல்லாமல், 'புதுத் தியேட்டர் பக்கம்' என்று மட்டும் எழுதி வரும் கார்டுகளை மேஜையில் ஓரமாக எடுத்து வைத்து, எந்த வீடு என்று கண்டுபிடித்துவிடுவேன். ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை.

அந்தத் தியேட்டரின் வாசல் வளைவில் எழுதியிருந்த பெயர் வேறு. முதலாளி தன் அம்மாவின் பெயரை வைத்திருந்தார் என்பார்கள். அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு ஸ்டாப் தள்ளி தகரக் கூரை போட்ட டாக்கீஸ் ஒன்று முன்பே இருந்ததால் இது புதுத் தியேட்டர். தகரக் கூரை டாக்கீஸ் பிறகு அரிசிக் குடோன் ஆனது. இது புதுசாகவே இருந்தது. சோழவந்தான் பஸ்ஸிலும் அலங்காநல்லூர் பஸ்ஸிலும் வந்து இறங்கும் கூட்டம் ஸ்டாப்பிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் கடிகாரம் பார்த்து விளக்கு வைத்ததில்லை. தியேட்டர் ஒலிபெருக்கியில் சாமி பாட்டுப் போட்டதும் அம்மா விளக்கேற்றுவாள். ஒருநாள் அந்தப் பாட்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்புறம் ஆட்கள் வந்து நாற்காலிகளை லாரியில் ஏற்றிப் போனார்கள், கூரையைப் பிரித்தார்கள், இடித்தார்கள். இப்போது அங்கே ஒரு ஜவுளிக்கடையும் அதன் மாடியில் கோச்சிங் சென்டரும் இருக்கின்றன. கண்டக்டர் மட்டும் இன்றைக்கும் "புதுத் தியேட்டர்லாம் எறங்கு" என்றுதான் கத்துகிறார்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. கொங்குப் பேச்சு. "அம்மா, வந்துட்டேனுங்க. புதுத் தியேட்டர் வாசல்லதான் நிக்கறேன்."

நான் மாடி வராந்தாவுக்கு ஓடினேன். ஜவுளிக்கடை வாசலில் நாலு ஸ்கூட்டரும் ஒரு இளநீர் வண்டியும் நின்றன. ஆம்புலன்ஸ் இல்லை.

"காணோமே தம்பி. ஹார்ன் அடிங்க."

அடித்தார். போனுக்குள் அடித்தது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அடிக்கச் சொன்னேன். மறுபடியும் போனுக்குள் மட்டும் அடித்தது.

"எதிர்ச் சந்துக்குள்ள வாங்க தம்பி, மூணாவது வீடு."

"அந்த வீட்டையுந்தான் தட்டினேனுங்க. இங்க யாருக்கும் ஒடம்பு சரியில்லாம இல்லைன்னு கதவச் சாத்திட்டாங்க."

வராந்தாவில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தேன் போல. உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். அவள் குரல் பாதிதான் வந்தது.

"அடியே... அவரு எந்தப் புதுத் தியேட்டர்ல நிக்கிறாருன்னு கேளு."

கேட்டேன். "அதானுங்க, புதுசா தொறந்திருக்காங்கல்ல, கண்ணாடிக் கட்டடம், உள்ள அஞ்சு ஸ்க்ரீனு. போன ஞாயித்துக்கிழமை வீட்ல கூட்டிட்டு வந்தேனுங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஊரின் மறுகோடி. நடுவில் பாலம், பாலத்தில் வேலை, பதினோரு மணி நெரிசல். அவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறதாம். அவரைக் குற்றம் சொல்ல எதுவுமே இல்லை. புதுத் தியேட்டர் என்றார்கள், புதுத் தியேட்டருக்குப் போயிருக்கிறார். இல்லாத ஒன்றைப் புதுசு என்று சொன்னவள் நான்.

"சரி தம்பி, கேட்டுக்கங்க. பாலத்துல ஏறி இறங்குனதும் இடது கைப்பக்கம் ஒரு தியேட்டர்..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். அது கல்யாண மண்டபமாகி எத்தனையோ வருடமாகிறது. "அத விடுங்க. நேரா வந்தா ரெட்டைத் தியேட்டர் முக்கு வரும், அங்கன வலது பக்கம் திரும்பி..." ரெட்டைத் தியேட்டரில் ஒன்று பைக் ஷோரூம், மற்றொன்று முள் முளைத்துக் கிடக்கும் காலி மனை. அதைத் தாண்டினால் அரிசிக் குடோன். அதை என் வாய் தகரக் கொட்டகை என்றுதான் சொல்கிறது. என் தலைக்குள் இருந்த ஊரில் திரும்புகிற இடமெல்லாம் ஒரு தியேட்டர் நின்றது. அவர் கண்ணில் படக்கூடிய ஒரு கடைப் பெயர்கூட எனக்கு வரவில்லை. தினமும் அந்த வழியாகத்தான் போய் வருகிறேன். எதைப் பார்த்துக்கொண்டு போனேனோ தெரியவில்லை.

"அம்மா, அங்க என்ன போர்டு இருக்குன்னு சொல்லுங்கம்மா" என்று அவர் கெஞ்சினார்.

லொகேஷன் அனுப்பலாம் என்று வாட்ஸ்அப்பைத் திறந்தேன். அவசரத்தில் எதையோ தொட்டதில் நேற்று எடுத்த ரசம் பாத்திரத்தின் படம் அவருக்குப் போனது. ஆட்டோ பிடிக்கலாமா? அக்காவைப் பதினேழு படி யார் இறக்குவது? கீழ்வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். இறக்கினால் வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? இறக்காமல் இங்கேயே ஆகிவிட்டால்? சமையலறைக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

அப்போது போனில் வேறொரு குரல் வந்தது. வயதான, கரகரத்த மதுரைக் குரல்.

"யக்கா, நான் இங்க ஆட்டோ ஓட்டுறவன். புதுத் தியேட்டர்னா நம்ம புதுத் தியேட்டரா? பொம்பளையாளு டிக்கெட் சந்து ஒண்ணு குகை மாதிரி இருக்குமே, அதுக்கு எதிர்த்த சந்தா?"

"ஆமாண்ணே, அதேதான்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அழுகாதீக. நான் முன்னால போறேன், வண்டி என் பின்னாலயே வரட்டும். குறுக்குத் தெருவு அம்புட்டும் எனக்குத் தெரியும். இந்தா வாரேன்."

இனி செய்ய ஒன்றுமில்லை. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது. மூச்சு சின்னச் சின்னதாக வந்தது. அவள் கையைப் பிடித்தேன். அது சில்லென்று இருந்தது.

அந்தக் குகைச் சந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் டிக்கெட் வாங்குவதற்கென்று தியேட்டரின் பக்கவாட்டில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு ஆள் மட்டும் போகிற அகலத்தில் கட்டியிருந்தார்கள். மேலே இரும்புக் கம்பி. ஒருமுறை நுழைந்துவிட்டால் கவுண்டர் வரை போய்த்தான் வெளியே வர முடியும். எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினாலு. பொங்கலுக்கு வெளியான படம். மணி அடித்து கவுண்டர் திறந்ததும் பின்னாலிருந்து தள்ளினார்கள். என் கால் தரையில் இல்லை. முன்னால் நின்ற யாரோ ஒரு அம்மாளின் முதுகுச் சேலையில் என் மூக்கும் வாயும் அழுந்திவிட்டன. கத்தினால் சத்தம் வரவில்லை. செத்துப்போகிறோம் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அக்கா எப்படித் திரும்பினாளோ, இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, முதுகை வளைத்து, வந்த கூட்டத்தையெல்லாம் தன் முதுகில் வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு தலை அளவுக்கு இடம் பண்ணினாள்.

"மேல பாரு. மேல பாத்து மூச்சு விடு" என்றாள்.

மேலே கம்பிக்கு நடுவே வானம் தெரிந்தது. படம் என்ன என்று எனக்கு நினைவில்லை. அந்த வானம் இருக்கிறது. வெளியே வந்து பார்த்தால் என் வலது கால் கொலுசைக் காணோம். அம்மா அதைப் போடக்கூடாது என்று எடுத்து வைத்திருந்தாள். நான்தான் தெரியாமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா முந்திக்கொண்டாள். "நான்தாம்மா அவளுக்குப் போட்டுவிட்டேன்" என்றாள். அகப்பைக் காம்பால் விழுந்த அடி முழுவதும் அவளுக்குத்தான். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

"மேல பாத்து மூச்சு விடுக்கா" என்றேன் அன்றைக்கு, சமையலறைத் தரையில். அவள் தலையைச் சுவரில் சாய்த்து நிமிர்ந்து பார்த்தாள். மேலே மின்விசிறிதான் சுற்றியது. "ஒட்டடை அடிக்கல நீ" என்றாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று தெரியாது.

சைரன் முதலில் போனில் கேட்டது, பிறகு தெருவில் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முன்னால் ஆட்டோ, பின்னால் ஆம்புலன்ஸ். ஆட்டோக்காரர் தானும் படியேறி வந்து ஸ்ட்ரெச்சரில் ஒரு பக்கம் பிடித்தார். நான் அவருக்கு ஒரு வார்த்தை சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. வலி வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அக்கா பிழைத்துவிட்டாள். ஆனால் முழுசாக இல்லை. மூன்றாம் நாள் டாக்டர் வந்து, இருதயத்தில் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். "ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான்தான் டாக்டர்" என்றாள் அக்கா, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. "வெள்ளனயே லேசா வலிச்சுச்சு. வாய்வுன்னு சொல்லாம இருந்துட்டேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். படித்தவர்களே இப்படிச் செய்தால் எப்படி என்றார். அக்கா நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினாள். நான் கட்டில் ஓரத்தில் நின்று பார்த்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன.

அதற்குப் பிறகு சமையலறைச் சுவரில் ஒரு அட்டையை ஒட்டினேன். கதவு எண், தெரு, ஜவுளிக்கடையின் பெயர், கோச்சிங் சென்டரின் பெயர். லொகேஷன் அனுப்பவும் கற்றுக்கொண்டேன். அக்காவால் இப்போது பதினேழு படி ஏற முடியாது. கீழ்வீட்டுக்காரர்களிடம் பேசி வீட்டை மாற்றிக்கொண்டோம். நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறாள். அவள் நிற்கிற ஒவ்வொரு முறையும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

பெங்களூரில் இருக்கும் அவள் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவான். பேசி முடிக்கும்போது அதே பாட்டு. போன வாரமும் ஸ்பீக்கரில் கேட்டது. "உனக்கு எத்தன தடவைம்மா சொல்றது? வலிச்சா உடனே சொல்லணும். அன்னைக்கு நீ மறைக்காம இருந்திருந்தா இப்ப இந்த நெலமையா?" அக்கா "சரிப்பா, சரிப்பா" என்றாள். அவன் விடுவதாக இல்லை. "உன் பிடிவாதம்மா எல்லாம்" என்றான்.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு "ஆமாப்பா, என் தப்புதான்" என்றாள்.

நான் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"தம்பி, சித்தி பேசுறேன். உங்கம்மா எதையும் மறைக்கல. வலிச்ச உடனே சொன்னா. நான்தான் விலாசத்தத் தப்பாச் சொன்னேன். புதுத் தியேட்டர்னு சொன்னேன். வண்டி ஊர் மறுகோடிக்குப் போயிருச்சு. லொகேஷன் கேட்டாங்க, வேணாம்னுட்டேன்."

அவனும் அந்தத் தியேட்டர் வாசலில் ஐஸ் வாங்கித் தின்று வளர்ந்தவன்தான். "அம்மாட்ட குடுங்க சித்தி" என்றான். கோபமா, அழுகையா, எனக்குப் பிடிபடவில்லை. ஸ்பீக்கரை அணைத்துக் கொடுத்தேன். அக்கா நாலைந்து முறை "ம்" என்றாள். போனை வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இம்புட்டும் சொன்னவ" என்றாள் அக்கா, ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று, "அந்தக் கொலுசையும் அம்மாட்டச் சொல்லியிருக்கலாம்ல."

அம்மா போய் இருபது வருடம் ஆகிறது. அக்கா சிரித்தாள். சிரித்ததில் அவளுக்கு மூச்சு முட்டியது. நான் ஓடிப்போய் அவள் முதுகைத் தாங்கிப் பிடித்தேன்.