வெள்ளிக்கிழமைக் கேள்வி

"கமெண்ட் பகுதிய இந்த வெள்ளியோட மூடிடலாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க, ரோவீனா."

சிட்னியிலிருந்து திரையில் பேசினாள் டாம்சின், புது முதலாளிகள் போட்ட புது அதிகாரி. ஜீலாங்கில் தன் சமையலறை மேசையில் உட்கார்ந்து ரோவீனா டக்வொர்த் கேட்டுக்கொண்டாள்.

"அதையும் மூடிட்டா, இந்தத் தளத்துல மனுஷன் எழுதறதுன்னு என்னம்மா மிச்சம்?"

"நீங்க இருக்கீங்கல்ல?"

"நானா? எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு."

இதே மேசையில்தான் அவளும் கணவர் கிளைவும் 'காக்கட்டூ கேம்ஸ்' தளத்தை ஆரம்பித்தார்கள். எந்த வீடியோ கேம் எப்போது வருகிறது, அமெரிக்காவை விட இங்கே விலை ஏன் கூடுதல், எதற்கு அரசாங்கம் தடை போட்டது என்று நாடே அங்கே வந்து படித்த காலம் ஒன்று உண்டு. பிறகு தளம் இரண்டு முறை கைமாறியது. இப்போது அவள் எழுதுவதெல்லாம் ஒரு கேமில் மூன்றாவது கதவை எப்படித் திறப்பது என்கிற மாதிரிக் குறிப்புகள்தான். தேடுபொறிக்குத் தீனி. எழுதி எழுதி அலுத்துவிட்டது.

அலுக்காதது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை தோறும் அவள் போடும் கேள்வி: "இந்த வாரக் கடைசியில் என்ன ஆடப் போறீங்க?"

அதற்குக் கீழே 'நமத்த சிப்ஸ்' என்ற பெயரில் ஒருவன் தவறாமல் பதில் எழுதுவான். அது அவள் மகன் ஜேரட். எழுதுகிறவரின் மின்னஞ்சல் முகவரி ஆசிரியர் கண்ணுக்கு மட்டும் தெரியும். அவன் சிறுவனாக இருந்தபோது அவளே தொடங்கிக் கொடுத்த முகவரி அது.

கிளைவ் ஆஸ்பத்திரியில் இறந்தபோது ரோவீனா லாஸ் ஏஞ்சலஸில் வீடியோ கேம் கண்காட்சியில் செய்தி எழுதிக்கொண்டிருந்தாள். "அப்பா போற நேரத்துல உனக்கு எந்த கேம் எப்ப வருதுங்கறதுதான் பெருசா போச்சு" என்றான் ஜேரட். அதோடு மேற்கே சுரங்க வேலைக்குப் போனவன் போனை எடுக்கவேயில்லை. அவளும் ஒரு கட்டத்தில் போன் பண்ணுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் அம்மாவின் தளத்துக்கு வந்து பதில் எழுதினான். அவள் ஊருக்கே கேட்பது போல் கேட்பாள், அவன் ஊருக்கே சொல்வது போல் சொல்வான். வீம்பில் தாயும் பிள்ளையும் ஒரே அச்சு.

போன மாதம் அவளே காரியத்தைக் கெடுத்துக்கொண்டாள். கை சும்மா இருக்கவில்லை. அவன் பதிலுக்குக் கீழே, "கட்டை விரல் வலி இப்ப எப்படி இருக்கு?" என்று எழுதிவிட்டாள். ஒன்பது வயதில் கிரிக்கெட் பந்து பட்டு முறிந்த விரல் அது. தளத்தில் அதைப் பற்றி அவன் மூச்சுவிட்டதே இல்லை. தான் யாரென்று அம்மாவுக்குத் தெரியும் என்பது அவனுக்குப் புரிந்திருக்கும். அதற்குப் பிறகு நமத்த சிப்ஸ் அந்தப் பக்கமே வரவில்லை.

இதோ, கடைசி வெள்ளி. கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். பழைய வாசகர்கள் வந்து விடைபெற்றார்கள். ஒருவர் அழுவதாகவே எழுதியிருந்தார். மதியம் சாப்பிட எடுத்து வைத்த மீட் பை ஆறிப் போயிற்று. மாலை ஐந்துக்குக் கமெண்ட் பெட்டி மூடிக்கொண்டது. இனி அவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியப்போவதில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

பழக்க தோஷத்தில் அனுமதி வரிசையைத் திறந்தாள். புதுப் பெயரில் முதல்முறை எழுதுகிறவர்களின் பதில் அங்கேதான் நிற்கும், ஆசிரியர் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே போகும். ஒன்று நின்றுகொண்டிருந்தது. பெயர்: ஜேரட் டக்வொர்த்.

"அம்மா, இத வெளிய போடாத. விரல் இன்னும் வலிக்குது. அப்பா விஷயத்துல கோவமும் போகல. ஆனா எதாவது கேக்கணும்னா போன்ல கேளு. நம்பர் அதேதான்."

எதையும் எல்லாருக்கும் முன்னால் போட்டுவிடுவதே பிழைப்பாக இருந்தவள், அதை மட்டும் போடவில்லை. போனை எடுத்தாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். மன்னிப்புக் கேட்க அவள் எத்தனையோ வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை.

"இந்த வாரக் கடைசியில என்னப்பா ஆடப் போற?" என்றாள்.