சந்தனம் மறைத்த மாடல் எண்

எங்கள் எஸ்டேட் ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் எந்த வீடு யார் பெயருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை, எனக்கு முன் கணக்கெழுதிய ரைட்டர் அதில் ஏற்றிவிட்டு இறந்துபோனார். நான் பொறுப்பேற்றபோது அது ஓடவில்லை. ஆனாலும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தூசி தட்டிச் சந்தனம் பூசினோம். பூசியதைச் சுரண்டக் கூடாது, தானாக உதிரட்டும் என்பது ஆபீஸ் வழக்கம். ஏற்காட்டு ஈரத்தில் எங்கே உதிர்வது? தடித்துத் தடித்து மாடல் எண்ணையே மூடிவிட்டது.

காப்பிப்பழம் பறிக்கும் ஒரு பெண்ணின் கணவர் இறந்ததும், வீடு அவர் பெயருக்குக் கொடுத்தது என்று நிர்வாகம் காலி செய்யச் சொன்னது. கல்யாணத்துக்கு முன்பே தன் பெயருக்குக் கொடுத்த வீடு அது என்றாள் அவள். காகிதப் பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது.

“ஏனுங்க ரைட்டருங்க, அந்தப் பொட்டியில என் பேரு இருக்குமுங்க. பழைய ரைட்டரு எங்கிட்டக் கேட்டுக் கேட்டுத்தானுங்க தட்டுனாரு.”

“அதுக்குள்ள எதுவும் நிக்காதும்மா. எல்லாம் பிளாப்பியில இருந்துச்சு. பூஞ்சை புடிச்சுப் போச்சு.”

“வருசா வருசம் பொட்டு வெக்கறமில்ல, பொட்டியவே சாட்சிக்குக் கூட்டிட்டுப் போ” என்றார் கிளார்க். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் மாரமங்கலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருஷமான பிறகு, போன மாதம், பழைய கம்ப்யூட்டர்களின் விவரம் காட்டும் ஒரு செயலி என் போனில் வந்து சேர்ந்தது. பொழுது போகாமல், முதல் பூஜையில் சந்தனம் பூசுமுன் எடுத்த போட்டோவைத் தேடி, லென்ஸ் வைத்து மாடல் எண்ணைப் படித்து அதில் போட்டேன். நான்காவது வரியில் இருந்தது: உள்ளேயே ஹார்டு டிஸ்க், இருபது மெகாபைட். பிளாப்பி இல்லாமலே தட்டியதெல்லாம் அதிலேயே தங்கியிருக்கும்.

சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்திருந்தால் போதும். உள்ளே எதுவும் இல்லை என்று நான் சொன்னபோது எனக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். நிர்வாகத்துக்குப் பிடித்த பதிலைச் சொன்னேன்.

மாரமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டு வாசலில் மிளகு காயவைத்துக் கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. போனைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப என் பேரு உள்ளார இருந்துச்சுங்களா?”

“இருந்திருக்கும்.”

“இருந்துச்சுங்களா, இருந்திருக்குமுங்களா?”

“தெரியலம்மா. இனி யாராலயும் பாக்க முடியாது.”

மிளகைக் கையால் பரப்பினாள். “தெரியலன்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, பாத்துச் சொல்லுங்கன்னு அந்த ஊட்டு வாசல்லயே குந்தியிருப்பனுங்க. நொம்பப் படிச்சவரு நீங்க, உள்ளார ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டீங்க. நானே பொய் சொல்றனோன்னு எனக்கே ஆயிப்போச்சுங்க.”

உள்ளிருந்து அண்ணி, யார் வந்திருப்பது என்று கேட்டாள்.

“ஆரோ பெரியவருங்க அண்ணி. பஸ்ஸுக்கு நிக்கறாரு.”