படத்தில் வந்த மரியம்மா

என் கணவர் சூசை சங்கு குளிப்பவர். உலக யுத்தம் முடிந்த வருஷம், படகுத் தகராறில் அவருடைய கூட்டாளியே தூத்துக்குடிக் கடற்கரையில் அவரைக் குத்திக் கொன்றான். சில மாதம் கழித்து, சினிமாவுக்குக் கதை எழுதும் ஒருவர் எங்கள் வீடு தேடி வந்தார். என் கணவருக்கு நேர்ந்தது உலகத்துக்குத் தெரியட்டும் என்று, அழுதுகொண்டே எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

படம் எங்கள் ஊர் டாக்கீஸுக்கு வந்ததும் ஆசையோடு போனேன். திரையில் சூசையின் மனைவி மரியம்மா கூட்டாளியோடு கொஞ்சிப் பேசி, அவன் கையில் கத்தியைக் கொடுத்தாள்.

மரியம்மா என்பது என் பெயர்.

எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏளா, உக்காரு. படம் மறைக்குல்லா."

"அந்த மரியம்மா நான்தான். நான் கத்தி குடுக்கல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

மேனேஜர் ஓடி வந்தார். "இது வெறும் கதைதாம்மா. வெளிய போங்க."

"கதைன்னா எங்க பேரு எதுக்கு அய்யா?"

அவர் ஆளைவிட்டு என்னை வெளியேற்றினார். சேலையை இழுத்தவளும் எழுந்து என்னோடு வந்துவிட்டாள்.

மறுநாள் உள்ளே விடவில்லை. படம் ஊரைவிட்டுப் போகும்வரை தினமும் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். சிலர் திரும்பிப் போனார்கள். பலர் உள்ளேதான் போனார்கள். முன்பின் தெரியாதவரிடம் மனதைத் திறந்தது என் தப்புதான். அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.