இளமதி மேடத்தின் கை

இளமதிக்கு உட்கார வராது. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து, பொன்னேரி பள்ளியில் ஹாக்கி மட்டையைப் பிடித்த நாள்முதல் அப்படித்தான். எந்த அணியிலும் நடுக்களத்தில் அவள்; பந்து எங்கே போனாலும் பின்னாலேயே அவள். மாநில அணிக்கு ஆறேழு வருஷம் அப்படி ஓடியதில் முழங்கால் போயிற்று. இனி ஆடக்கூடாது என்று சொன்ன டாக்டரை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் என்ன செய்வார், பாவம்.

பிறகு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கல்லூரியில் பயிற்சியாளர் வேலை. மைதானம் வெறும் கட்டாந்தரை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கம்பி ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகும். தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் கை ஜாடை. இடது கை உயர்ந்தால் பந்து இடப்பக்கம், வலது கை உயர்ந்தால் வலப்பக்கம். பெண்கள் பந்து கிடைத்ததும் தலையைத் தூக்கி மேடத்தைப் பார்த்துவிட்டுத்தான் தள்ளுவார்கள். இதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அத்தனை பேர் காலிலும் தானே ஓடுவதாக நினைப்பு.

இந்த வருஷம் மண்டலக் கோப்பை வராவிட்டால் பெண்கள் அணியையே கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. மைதானத்தில் காலேஜ் பஸ்களை நிறுத்தப் போகிறார்களாம். இளமதிக்குச் சோறு இறங்கவில்லை.

அரையிறுதி சென்னையில், செயற்கைப் புல்தரையில் நடந்தது. எதிரணியின் தடுப்பாட்டக்காரி பலே கெட்டிக்காரி. பாதி ஆட்டத்துக்குள் இளமதியின் ஜாடையைப் படித்துவிட்டாள். கை உயரும் பக்கம் பந்துக்கு முன்னால் அவள் போய் நின்றாள். ஒரு கோல் வாங்கியாயிற்று. இளமதியோ கையை இன்னும் உயரத் தூக்கினாள். பொறுக்கமாட்டாமல் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினாள். நடுவர் எச்சரித்தார். மறுபடியும் ஓடியதும் அட்டையைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார்.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கேப்டன் சத்யா பந்தை நிறுத்தி, பழக்கதோஷத்தில் தலையைத் தூக்கினாள். பெஞ்சில் மேடம் இல்லை. குனிந்து, தனக்குத் தோன்றிய பக்கம் தள்ளினாள். அப்புறம் யாரும் பெஞ்சைப் பார்க்கவில்லை. இரண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டார்கள்.

"லெப்ட்ல தள்ளச் சொல்லி யாருடி சொன்னது?" என்று இளமதி கேட்டாள்.

"யாரும் சொல்லல மேடம். நீங்க இருந்தா உங்களயே பாத்துக்கினு இருப்போம். இன்னிக்கு பந்தப் பாத்தோம்" என்றாள் சத்யா.

அவள் குத்திக்காட்டவில்லை, நடந்ததைத்தான் சொன்னாள். இளமதிக்குப் பெருமையாகவும் இருந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது. அன்று ராத்திரி தூக்கமில்லை.

மறுநாள் இறுதி ஆட்டம். தடை அந்த ஒரு ஆட்டத்தோடு முடிந்துவிட்டது; பெஞ்சில் உட்காரலாம். பெண்களைக் கூட்டி வைத்துக் கேட்டாள்.

"நான் இங்க இருக்கட்டா, வெளிய நிக்கட்டா? பயப்படாம சொல்லுங்க."

சத்யா குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தாள். கடைசியில் கோல்கீப்பர் பானுதான் மெதுவாகச் சொன்னாள்: "வெயிலு ஜாஸ்தியா கீது மேடம். வெளிய மரம் இருக்குது."

இளமதி சிரித்துவிட்டு வெளியே போனாள். மரத்தடியில் எங்கே நின்றாள்? ஆட்டம் முழுக்க வேலியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கடைசி விசில் ஊதி, கோப்பை கைக்கு வந்து, போட்டோவுக்கு எல்லோரும் வரிசையாக நின்ற பிறகுதான் சத்யா கேட்டாள்: "மேடம் எங்கடி?"