தெரோய் அண்ணனின் கயிற்று வீடு

காலை ஆறு மணிக்குத் தெரோய் அண்ணன் வாசற்கதவைத் திறக்கிறார். கதவு கிடையாது. வலது கையை நீட்டி, இல்லாத குமிழைத் திருகி, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு நுழைகிறார். நுழைந்த இடம் புல்தரை. அங்கங்கே மூங்கில் குச்சி, குச்சிக்குக் குச்சி நீல நைலான் கயிறு. அதற்குள் கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை, ஒரு கக்கூஸ். கக்கூஸில் முழங்கால் அளவுக்குக் கோரை மண்டிக் கிடக்கிறது.

எதிரே என் பெட்டிக்கடை. மூன்று வருஷமாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இலோய்லோ துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பல் ஏறி, இருபத்தெட்டு வருஷம் சமையல்காரராக இருந்தவர். கப்பலில் கரண்டி தொங்கும் ஆணிக்குக்கூட அளவெடுத்துத்தான் இடம் விடுவார்களாம். அந்தப் புத்தி மண்டையை விட்டு இறங்கவில்லை. "கட்டிட்டு இடிக்கக் கூடாது தங்கச்சி. கட்டறதுக்கு முன்னாடியே வாழ்ந்து பாத்துடணும்" என்கிறார். வாழ்ந்தும் பார்க்கிறார். சமையலறையில் நின்று வெறுங்கையால் வெங்காயம் நறுக்குவார். திரும்பும்போது முழங்கை கயிற்றில் பட்டால் "ஆ!" என்று தேய்த்துக்கொண்டு, குச்சியைப் பிடுங்கி அரையடி தள்ளி நடுவார். ஒருநாள் முட்டை கொடுக்கப் போன நான் அவசரத்தில் கயிற்றைத் தாண்டிவிட்டேன்.

"ஏம்மா, சுவத்துக்குள்ள பூந்து வர்றியே, நீ என்ன பிசாசா? வாசப்பக்கமா வா!"

சுற்றிக்கொண்டு போய்க் காற்றைத் தட்டினேன். மூன்றடி தூரத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "யாரது?" என்கிறார் மனுஷன். அத்தனை முட்டையையும் அவர் தலையில் உடைத்திருப்பேன்.

அவர் மனைவி லூர்திங் அக்காவுக்குத் தங்கை வீட்டின் பின்னறையில் ஒண்டுக் குடித்தனம். சுவருக்கு அந்தப் பக்கம் பன்றிக் கொட்டில். பன்றி முதுகு சொறிந்தால் இந்தப் பக்கம் கட்டில் ஆடும். "எனக்கு நாலு சுவரு போதும். அதுல ஒண்ணு கோணையா இருந்தாக்கூடக் கும்பிட்டு ஏத்துக்குவேன்" என்று என் கடையில் வந்து புலம்புவாள். பாவமாக இருக்கும். அண்ணனை ஏசவும் தோன்றும். ஏசியும் இருக்கிறேன்.

அறைகள் ஒருவழியாக முடிவாயின. வந்தது படி.

ஆற்று வெள்ளம் ஏறுகிற இடம், வீட்டை நாலடி உயர்த்தியே ஆகவேண்டும். எங்கள் ஊரில் படி ஏறும்போது பொன், வெள்ளி, சாவு என்று எண்ணுவோம். நாலாவது மறுபடி பொன். கடைசிப் படி சாவில் முடிந்தால் வீட்டுக்கு ஆகாது. இதில் ஒரு சிக்கலும் இல்லை. அண்ணன் மூன்று பேரிடம் யோசனை கேட்டதுதான் சிக்கல். அவருடைய அக்கா படிகளை மட்டும் எண்ணச் சொன்னாள். கொத்தனார் பாடோங், "வீட்டுத் தளமும் ஒரு படிதானே?" என்றான். மகளின் ஞானத்தகப்பனோ, "கீழ மண்ணுல கால வைக்கிறியே, தளத்தோட அதையும் சேரு" என்றார். ஏழு படி போட்டால் ஞானத்தகப்பன் கணக்கில் சாவு. எட்டு போட்டால் கொத்தனார் கணக்கில் சாவு. ஒன்பது போட்டால் அக்கா கணக்கில் சாவு. எத்தனை போட்டாலும் யாராவது ஒருத்தர் கணக்கில் அண்ணன் செத்துப்போனார்.

இன்ஜினியர் கும்பான் பதினாலு முறை வரைபடத்தைத் திருத்திவிட்டுப் பென்சிலைக் கீழே போட்டார். "அண்ணே, படி மாறினா உயரம் மாறுது, உயரம் மாறினா தூண் மாறுது. ஒரு நம்பரச் சொல்லுங்க, முத்திரை குத்துறேன். இல்ல, ஆள விடுங்க."

அண்ணன் நம்பரைச் சொல்லவில்லை. லூர்திங் அக்கா மணிலா கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள வீடு கட்டற அனுமதி மனு ஆபீசுக்குப் போகல, சனிக்கெழம நான் மக வீட்டுக்குக் கெளம்பிடுவேன். திரும்பி வர்றதா எண்ணம் இல்ல. நீ கயித்துக்குள்ளயே குடும்பம் நடத்து!"

வியாழக்கிழமை முழுக்க அண்ணன் சோறு தின்னவில்லை. புல்லில் உட்கார்ந்து விரல் மடக்கிக்கொண்டே இருந்தார். வெள்ளி மத்தியானம் அக்கா விடுவிடுவென்று வந்து, வரைபடத்தை அவர் மடியிலிருந்து பிடுங்கி, ரப்பரால் படிகளை அழித்தாள். வாசலிலிருந்து தரை வரைக்கும் ஒரே ஒரு சாய்கோடு இழுத்தாள்.

"சறுக்குப் பாதை. படியே கெடையாது. இப்ப எண்ணு, பாக்கலாம்."

அண்ணன் மடக்கியிருந்த விரல்களை நிமிர்த்தினார். சரிவு சரியாக வர, பாதை வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும் என்று, அவசரமாகக் கூட்டிவந்த கும்பான் முணுமுணுத்தார். ஆனாலும் அழகாக வரைந்து, முத்திரையும் குத்திக் கொடுத்தார். முடிக்கும்போது மணி நாலரை. ஐந்துக்கு ஆபீஸ் மூடிவிடும். அண்ணன், அக்கா, நான் மூன்று பேரும் பைக்கோடு ஒட்டிய ஒரு சைட்காரில் நெருக்கியடித்துக்கொண்டு பறந்தோம். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. கடையை அடைத்துவிட்டுத்தான் போனேன். இதைப் பார்க்காமல் விட முடியுமா?

முனிசிபல் ஆபீஸ் வாசலில் உயரமான படிக்கட்டு. அண்ணன் உதடு அசைய ஏறினார். கடைசிப் படிக்கு ஒரு படி முன்னால் நின்றுவிட்டார்.

"லூர்திங், பன்னெண்டு படி. சாவுல முடியுது."

"யோவ், இது அவங்க ஆபீசுய்யா!"

"மனு நம்ம மனு ஆச்சே."

உள்ளே ஒரு ஜன்னலை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. அதிகாரி முன்னால் அவரேதான் கையெழுத்துப் போடவேண்டும். வியர்வை கொட்டுகிறது மனுஷனுக்கு. வேண்டுமென்றே செய்யவில்லை, கால் வரவில்லை. அக்காவின் கைப்பையில் கப்பல் டிக்கெட் இருந்தது. போச்சு, இங்கேயே கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்று நான் இரண்டு படி கீழே நகர்ந்துகொண்டேன்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். காகிதச் சுருளை என் கையில் திணித்தாள். அறுபது வயதில், ஊர் பார்க்க, பாவாடையை ஒரு கையால் முட்டிக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். மறுகையால் அவர் கையை இறுகப் பற்றினாள்.

"ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணியவள், மூன்றைச் சொல்லாமலே, அவரையும் இழுத்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டாவது படியைத் தாண்டிக் குதித்தாள்.