பக்கத்து மிஷின்காரி

மாரிசெல்வியும் முதலாளி காசிராஜனும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். இது இட்டுக்கட்டிய கதை இல்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிற அந்த நூல் மில்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆவணி மாதம். சோழபுரத்திலிருந்து டிபன் பாக்ஸோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள் மாரிசெல்வி. காசிராஜன் அப்பாவின் காரில் வந்து இறங்கினார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நீலக் கோட்டு கொடுத்தார்கள். அதுவரைக்கும் சரிதான்.

முதலாளி குடும்பத்தில் அது ஒரு வழக்கம். பிள்ளை எவ்வளவு படித்திருந்தாலும், நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் மூன்று மாதம் தொழிலாளியாக மிஷினில் நின்றாக வேண்டும். நல்ல வழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. காசிராஜன் கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் முடித்துவிட்டு வந்திருந்தார். மாரிசெல்வி பத்தாவதோடு நிறுத்திவிட்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தவள். நூல் நூற்கிற பகுதியில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த மிஷினாக அமைந்தது.

சைடர் வேலை என்பது நடக்கிற வேலை. நீளமான மிஷினின் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான நூல் கதிர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கே இழை அறுகிறதோ அங்கே ஓட வேண்டும். ஒரு கையால் கதிரை நிறுத்தி, மறு கையால் நூல் நுனியை எடுத்து, மேலே உருளையிலிருந்து வருகிற பஞ்சோடு சேர்த்துவிட வேண்டும். அதற்கு ஒட்டுப் போடுவது என்று பெயர். இங்கே ஒன்றை ஒட்டுவதற்குள் அங்கே ஒன்று அறுந்து தொங்கும். ஷிஃப்ட் முடிகிறவரைக்கும் இதே பாடுதான்.

அங்கே எந்த போர்டிலும் எழுதிப் போடாத முறை ஒன்று உண்டு. தண்ணீர் குடிக்கவோ வேறு எதற்கோ போகிறவர்கள், வழியில் அடுத்தவர் மிஷினில் இழை தொங்கினால் சும்மா கடந்து போக மாட்டார்கள். போகிற போக்கிலேயே ஒரு ஒட்டுப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். நன்றி சொல்கிற பேச்சே கிடையாது. இன்றைக்கு உன் மிஷினுக்கு நான், நாளைக்கு என் மிஷினுக்கு நீ. அவ்வளவுதான்.

இந்த முறையைக் காசிராஜனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. மேஸ்திரி சோலைராஜ் மற்றவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, சின்ன முதலாளி மிஷினில் இழை தொங்கக் கூடாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தார். அந்த வருஷம் புதிதாக வந்து இறங்கிய மிஷினையும் அவருக்கே ஒதுக்கினார். மாரிசெல்விக்குக் கிடைத்தது கிழட்டு மிஷின். இருமுகிற கிழவனைப் போல அது நாள் முழுக்க இழையை அறுத்துத் தள்ளியது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். காசிராஜன் ஏமாற்றுக்காரர் இல்லை. அந்த மூன்று மாதமும் அவர் ஒரு நாள்கூட உட்காரவில்லை. கால் கொப்பளித்து, செருப்புக்குள் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். எல்லோரோடும் கேன்டீனில் வரிசையில் நின்று சாப்பிட்டார். புருவத்தில் பஞ்சு அப்பிக்கொண்டு அவர் நொண்டி நொண்டி நடப்பதைப் பார்க்க மாரிசெல்விக்குப் பாவமாக இருக்கும். மேஸ்திரிக்குப் பயந்து ஒட்டியவர்கள் இருக்கலாம், அவள் பாவப்பட்டே ஒட்டினாள். அவர் இந்தக் கோடியில் நிற்கும்போது அந்தக் கோடியில் தொங்குகிற இழையை ஒட்டிவிடுவாள். அவர் திரும்பி வரும்போது நூல் ஓடிக்கொண்டிருக்கும். அதே ஷிஃப்ட்டில் நின்ற நாச்சியார் அக்காவும் அப்படித்தான், மற்றவர்களும் அப்படித்தான். தன் மிஷின் நன்றாக ஓடுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைக்காமல் என்ன செய்வார்? முதுகுக்குப் பின்னால் யாருக்குக் கண் இருக்கிறது?

அந்த நேரத்தில் மாரிசெல்வியின் சொந்த மிஷினில் இழைகள் தொங்கிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் முடிந்து உற்பத்திக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது காசிராஜன் பெயர் முதலில் இருந்தது, மாரிசெல்வி பெயர் கடைசியில் இருந்தது. பெரிய முதலாளி வந்து பார்த்துவிட்டு மகனின் தோளைத் தட்டி, வீட்டுத் தெலுங்கில் “பாகுந்திரா” என்று பாராட்டினார். அந்தக் கரும்பலகையைப் போட்டோ எடுத்து ஆபீஸ் அறையில் மாட்டினார்கள்.

அதற்குப் பிறகு காசிராஜன் ஏறிய ஏற்றம் ஊருக்கே தெரியும். ஒரு மில் ஐந்தாயிற்று. காற்றாலைகள் வந்தன, காலேஜ் வந்தது. மற்ற மில்கள் கதவைச் சாத்திய காலத்தில்கூட அவர் நுணுக்கமான நூலுக்கு மாறி வெளிநாட்டுக்கு அனுப்பித் தப்பித்தார். அது திறமைதான், யாரும் மறுக்க முடியாது. அந்த மாற்றத்துக்கு முதல் போட அவர் அப்பாவின் மில் ஒன்று இருந்தது என்பதையும் மறுக்க முடியாது. போன வருஷம் தமிழ்நாட்டின் பெரும் பணக்காரர்கள் என்று ஒரு பத்திரிகை பட்டியல் போட்டபோது அதில் அவர் படமும் வந்தது.

மாரிசெல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டாள். புருஷன் மாரிசாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரே மகள் யோகேஸ்வரி. பிள்ளை பெற்ற ஐந்தாம் மாதமே வேலைக்குத் திரும்பினாள். மிஷின்கள் மாறின, மேஸ்திரிகள் மாறினார்கள், அவள் சைடராகவே இருந்தாள். சூப்பர்வைசர் வேலைக்கு டிப்ளமா வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

யோகேஸ்வரி இப்போது காலேஜில் பி.காம் படிக்கிறாள். ஒரு நாள் செல்போனில் காசிராஜனின் பேட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு, இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினாள். “என் மிஷினில் ஒரு இழைகூட அறுந்து தொங்கியதில்லை. அதை எனக்கு என் அப்பா கொடுக்கவில்லை, என் கை கொடுத்தது” என்று அதில் சொல்லிக்கொண்டிருந்தார் காசிராஜன். ஒவ்வொரு மேடையிலும் அவர் சொல்வதுதான்.

“ஒரே நாள்லதானம்மா சேந்தீங்க?” என்றாள் யோகேஸ்வரி. “அவரு எம்புட்டு ஒசரத்துக்குப் போயிட்டாரு. நீ ஏன் அங்கயே நின்னுட்ட?”

குத்திக்காட்ட வேண்டுமென்று கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், அதுதான் மாரிசெல்வியை அதிகம் வருத்தியது. நமக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லையோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது. மகள் தன்னை ஒரு மந்தமானவளாக நினைத்துக்கொண்டே வளர்ந்துவிடுவாளோ என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது, விடவே இல்லை.

மில்லின் பொன்விழா வந்தது. பெர்சனல் ஆபீசர் ஜெபின் அவளைக் கூப்பிட்டு, முதலாளியோடு ஒரே நாளில் சேர்ந்தவர் என்பதால் மேடையில் இரண்டு நிமிஷம் பேச வேண்டும், வீட்டாரையும் அழைத்துவர வேண்டும் என்றார். பேச்சை யோகேஸ்வரியே எழுதிக் கொடுத்தாள். ‘ஒரே நாளில், ஒரே இடத்தில் தொடங்கினோம். உழைப்பும் திறமையும் அவரை உயர்த்தின’ என்று ஆரம்பிக்கும். மாரிசெல்வி அடுப்படியில் நின்று மனப்பாடம் செய்தாள்.

விழா நாளன்று மாரிசாமிக்கு லோடு இருந்தது. அம்மாவும் மகளும் மட்டும் போனார்கள். பந்தல் வாசலிலேயே அந்தப் பழைய கரும்பலகைப் போட்டோவை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். யோகேஸ்வரி மேலிருந்து படித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்து எதையாவது கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது மாரிசெல்விக்கு.

கூட்டம் தொடங்குவதற்கு முன் விருந்தாளிகளுக்கு மில்லைச் சுற்றிக் காட்டினார்கள். மாரிசெல்வி கோட்டை மாட்டிக்கொண்டு தன் மிஷினில் நிற்க வேண்டும், முதலாளி அங்கே வந்து ஒரு ஒட்டுப் போடுவார், அதைப் படம் எடுக்க வேண்டும் என்பது ஜெபினின் ஏற்பாடு. யோகேஸ்வரி இந்தச் சத்தத்துக்குள் முதல் தடவையாக வருகிறாள். காதைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றாள். நாச்சியார் அக்கா போகிற போக்கில் மாரிசெல்வியின் மிஷினில் ஒரு இழையை ஒட்டிவிட்டுப் போனாள். மாரிசெல்வி தண்ணீர் குடித்துவிட்டு வரும்போது நடையோடு நடையாக வேறொருத்தி மிஷினில் ஒட்டிவிட்டு வந்தாள். அது உன் மிஷினா என்று மகள் சைகையில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள் அம்மா.

காசிராஜன் பட்டு வேட்டியும் சால்வையுமாக விருந்தாளிகள் சூழ வந்தார். தலை நரைத்துவிட்டது. மாரிசெல்வியைப் பார்த்துக் கும்பிட்டார். ஒரு இழையை வேண்டுமென்றே அறுத்துவிட்டு, நுனியை எடுத்து உருளையில் வைத்தார். பிடிக்கவில்லை. மறுபடி வைத்தார், நழுவியது. நெற்றி வியர்த்தது. “சார், செத்த இங்க பாருங்க” என்றார் போட்டோக்காரர். கையை அங்கேயே வைத்தபடி காசிராஜன் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

பக்கத்தில் நின்ற மாரிசெல்வியின் கை தானாக நீண்டது. அவள் நினைத்துச் செய்யவில்லை. தொங்குகிற இழையைப் பார்த்தால் அந்தக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். அவர் திரும்பிப் பார்த்தபோது நூல் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள்.

“கை மறக்கல பாத்தீங்களா,” என்று காசிராஜன் விருந்தாளிகளிடம் சொன்னார். முகமெல்லாம் சந்தோஷம், அதில் துளி பொய் இல்லை. யோகேஸ்வரி காதிலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போகும் வழியில் போட்டோக்காரர் எடுத்த படங்களைக் கேமராவிலேயே முதலாளிக்குக் காட்டினார். ஒரு படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார்.

மேடையில் மாரிசெல்வியைக் கூப்பிட்டார்கள். “ஒரே நாளில், ஒரே இடத்தில்” என்று ஆரம்பித்தாள், அதற்கு மேல் நகரவில்லை. மறந்துபோகவில்லை. மனப்பாடம் அப்படியேதான் இருந்தது, நாக்கு எடுத்துச் சொல்ல மறுத்தது.

“மொதலாளி அன்னைக்கு நல்லா வேலை பாத்தாரு,” என்றாள். “நாங்களும் நல்லாத்தான் வேலை பாத்தோம். வேற என்ன சொல்ல. வாரேன்.”

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. நினைவுப் பரிசாகப் பித்தளைக் குத்துவிளக்கு கொடுத்தார்கள். மகளையும் மேடைக்கு அழைத்துப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். விளக்கைக் கொடுக்கும்போது காசிராஜன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“போட்டோ பாத்தேன். ஒட்டுனது நீங்கதான்.” கொஞ்சம் தயங்கினார். “அப்பவும் அப்படித்தானா?”

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவரும் நிம்மதியாகப் போவார், அவள் வேலைக்கும் ஒரு குறையும் வராது. அந்தப் பணக்கார முகத்தில், கொப்பளித்த காலோடு நின்ற பழைய பையன் ஒரு கணம் தெரிந்தான். மாரிசெல்விக்கு மறுபடியும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை பக்கத்தில் மகள் நின்றாள்.

“நான் மட்டும் இல்ல மொதலாளி,” என்றாள். “அந்த ஷிஃப்ட்டுல நின்ன அம்புட்டுப் பேருந்தான்.”

போட்டோக்காரர் கூப்பிட்டதும் மூன்று பேரும் முன்னால் பார்த்தார்கள்.

பிறகு முதலாளி பேசினார். மூன்று மாதம் சைடராக நின்ற கதைக்கு வந்தார். கேன்டீன் சாப்பாடு வந்தது, கால் கொப்புளம் வந்தது. அடுத்து வர வேண்டிய, மில் முழுக்க மனப்பாடமான அந்த ‘ஒரு இழைகூட’ வரியின் வாசலில் வந்து நிறுத்தினார். தண்ணீர் எடுத்துக் குடித்தார். அப்படியே காற்றாலைப் பக்கம் போய்விட்டார். கூட்டத்தில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இதனால் ஐந்து மில்லில் ஒரு கதிர்கூடக் கை மாறப்போவதில்லை, மாரிசெல்விக்கும் அப்படி ஒரு நினைப்பு கிடையாது. இருந்தாலும் அந்த வரி வராமல் போனதை அவள் கேட்டாள். யோகேஸ்வரியும் கேட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. விளக்கை மடியில் வைத்துக்கொண்டு யோகேஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

“ஒன் மிஷின்ல தொங்குனப்போ யாருமே வரலயாம்மா?”

“வராமலா? நாச்சியாரக்கா இல்லேன்னா அந்தச் சோலைராஜ் அந்த மாசமே என்னைய வீட்டுக்கு அனுப்பிருப்பாரு.”

“இதையெல்லாம் எனக்கு ஏன் சொல்லல?”

“ஒட்டுப் போட்டதப் போயி யாரு சொல்லிக்கிட்டுத் திரிவா.”

யோகேஸ்வரி விளக்கைத் தடவிக்கொண்டே இருந்தாள். “நீ ஏன் அங்கயே நின்னுட்டன்னு கேட்டேம்லா,” என்றாள். “அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா.”

மாரிசெல்விக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ கேட்டதுல ஒண்ணுமில்லட்டி,” என்றாள். “நீ கேட்டப்போ எனக்கே அப்படித்தான் தோணிச்சு. அதான் ரொம்ப வலிச்சிச்சு.”

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் திரும்பியது. விளக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா.